காணிக்கைப் பையில் வந்த காகிதம்

தியானப் பகுதி: கலாத்தியர் 2:1–14



சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின் காணிக்கையை எண்ணியபோது, பத்து ரூபாய் நோட்டுகளுக்கு நடுவே நான்காக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. பெயர் இல்லை. கையெழுத்து அழகானது, படித்தவர் எழுதியது. "ஐயரவர்களுக்கு, நம்முடைய காணிக்கை மாதா கோவிலுக்குப் போவது கர்த்தருக்குப் பிரியமா?" என்பது மட்டுமே வாசகம்.

எதைப் பற்றிய கேள்வி என்பது உங்கள் அனைவருக்கும் தெரியும். இவ்வாண்டு அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாருக்குக் கொடுப்பது. சனிக்கிழமைதோறும் நம் சபையிலிருந்து சிலர் அவர்களோடு சேர்ந்து, பட்டாசு விபத்தில் காயமுற்றோரின் வீடுகளுக்குப் போவது. இவ்விரண்டையும் நான்தான் கமிட்டியின் முன் வைத்தேன். பெயர் எழுதாதவருக்குத் தனியே மறுமொழி சொல்ல வழியில்லை. ஆகையால் உங்கள் எல்லாருக்கும் சொல்லுகிறேன்: ஆம், பிரியமே. அதற்கும் மேலே ஒன்று சொல்லுகிறேன். கொடுக்காமல் இருப்பதுதான் அவருக்குப் பிரியமில்லாதது.

முதலில், நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெரிந்துகொள்வோம். ஏனெனில் எதிர்ப்பவர்களில் பெரும்பாலானோர் அவர்களைப் பார்த்ததே இல்லை. வின்சென்ட் தே பவுல் சபையார் குருமார் அல்லர், கன்னியாஸ்திரீகளும் அல்லர். உங்களைப்போல வீடும் பிள்ளைகளும் வேலையும் உடைய சாதாரண விசுவாசிகள். குறித்த நாளில் கூடி ஜெபிக்கிறார்கள். பின்பு ஒரு பையைச் சுற்றி அனுப்புகிறார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாதபடி அவரவர் இயன்றதைப் போடுகிறார்கள். பிறகு இரண்டிரண்டு பேராக ஏழைகளின் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வீட்டார் எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். நம் சபையில் காணிக்கை கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கிறோமே, அந்தப் பழக்கத்தை நினைத்துக்கொண்டு இதை ஒருமுறை மறுபடியும் வாசியுங்கள்.

இந்தச் சபை பிறந்த வரலாறு நம் வாலிபர்களுக்குத் தெரிய வேண்டும். 1833ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் கல்லூரி மாணவர் சிலர் விவாதக் கூட்டம் நடத்திவந்தார்கள். கிறிஸ்தவத்தை ஆதரித்துப் பேசியவர்களில் பிரடெரிக் ஓசானாம் என்ற சட்ட மாணவரும் ஒருவர், வயது இருபது. எதிர்த்தரப்பார் அவர்களை நோக்கி, உங்கள் திருச்சபை முற்காலத்தில் நன்மை செய்தது உண்மைதான், இன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். மேடைப் பேச்சில் அதற்கு மறுமொழி இல்லை. ஓசானாமும் ஒரு நண்பரும் தங்கள் அறையில் குளிர்காலத்துக்கென்று மீந்திருந்த விறகைச் சுமந்துகொண்டுபோய் ஓர் ஏழை வீட்டில் வைத்தார்கள் என்று சொல்வார்கள். ரோசலி ரெண்டு என்ற கன்னியாஸ்திரீ அவர்களுக்கு எந்தத் தெரு, எந்த வீடு, எப்படிப் பேச வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஏழைகளுக்காக வாழ்ந்த வின்சென்ட் தே பவுல் என்ற பிரெஞ்சுக் குருவின் பெயரைத் தங்கள் கூட்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த விவாதத்தில் வென்றது யார் என்பதை இன்று ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. விறகு சுமந்தவர்களின் சபை மட்டும் உலகமெங்கும் இருக்கிறது.

நம் ஊருக்கு வருகிறேன். 2021 பிப்ரவரி 12 உங்களில் யாருக்கும் மறந்திருக்காது. அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் மருந்து உராய்ந்து வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் மாண்டவர் ஏறத்தாழ நாற்பது பேர். இவை பத்திரிகையில் முதல் பக்கத்துக்கு வந்தவை. ஒருவர், இருவர் என்று போகும் விபத்துகள் உள்பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடும். அரசு நிவாரணம் அறிவிக்கிறது, நல்லது. தலைவர்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். நாமும் போனோம், நானும் போனேன். அடக்க ஆராதனை நடத்தினேன். மூன்றாம் நாள் ஜெபத்துக்கும் போனேன். அதற்குப் பின் எத்தனை முறை போனேன் என்று என் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன். அந்த எண்ணிக்கையை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது.

மாண்டவர்களைப் பற்றியாவது பேசுகிறோம். பிழைத்தவர்களை யார் நினைக்கிறார்கள்? தீக்காயம் என்பது மருத்துவமனையில் முடிகிற காரியம் அன்று. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் நாம் ஸ்தோத்திரம் சொல்லி முடித்துக்கொள்கிறோம். பாடு அங்கேதான் தொடங்குகிறது. புதிதாக வளரும் தோல் நாளாக ஆகச் சுருங்கும். முழங்கை மடங்கினபடியே நின்றுவிடும். கழுத்து மார்போடு ஒட்டிக்கொள்ளும். விரல்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். அப்படி ஆகாமல் இருக்க, வலியில் அலறினாலும் விடாமல், தினமும் ஒருவர் அந்தக் கையைப் பிடித்து நீட்டிப் பயிற்சி தர வேண்டும். இரவில் அரிப்புத் தாங்காது. வெயில் பட்டால் எரியும். நம் கரிசல் காட்டில் வெயில் படாத இடம் ஏது? மறுபரிசோதனைக்கு மதுரைக்குப் பேருந்தில் போக வேண்டும். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரர் எழுந்துபோவதைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி இல்லை. வீட்டில் சம்பாதித்துக்கொண்டிருந்தவரே படுத்திருக்கிறார்; ஆலையில் வாங்கின முன்பணம் மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த வின்சென்ட் தே பவுல் சபையார் இருவர் அப்படிப்பட்ட வீட்டுக்குப் போய்வருவதை நான் கண்டேன். நம் சபைக் குடும்பத்தின் வீடு அது. ஒருவர் அந்தச் சகோதரியின் கையை மெல்ல நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். மற்றவர் திண்ணையில் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வேதாகமத்தோடு வாசலில் நின்றேன். "வாங்க ஐயா, ஜெபம் பண்ணுங்க" என்று எனக்கு இடம் விட்டு அவர்கள் எழுந்தார்கள். நான் ஜெபித்தேன். அந்த ஜெபத்தில் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை.

இப்போது, எதிர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

உபதேசம் வேறுபடுகிறது என்கிறீர்கள். உண்மை. மரியாளைப் பற்றியும், மரித்த பரிசுத்தவான்களிடம் வேண்டுதல் செய்வதைப் பற்றியும், போப்பாண்டவரின் அதிகாரத்தைப் பற்றியும் அவர்கள் போதிப்பதை நான் ஏற்கவில்லை, இனியும் ஏற்கப்போவதில்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்று பசப்புகிறவன் அல்லன் நான். ஆனால் நம் தியானப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். எருசலேமில் யாக்கோபும் கேபாவும் யோவானும் பவுலுக்கு வலதுகை கொடுத்து ஐக்கியம் காட்டுகிறார்கள். ஊழிய எல்லைகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். அப்போது அவர்கள் பவுலிடம் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: தரித்திரரை நினைத்துக்கொள்ளும்படி. அதைச் செய்யத் தானும் கருத்துள்ளவனாயிருந்ததாகப் பவுல் பத்தாம் வசனத்தில் சாட்சி சொல்லுகிறார். அடுத்த வசனத்தில் என்ன வருகிறது? அதே கேபாவை, அந்தியோகியாவில், எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்தேன் என்கிறார்! சுவிசேஷத்தின் சத்தியமே கேள்விக்குள்ளாகும் அளவு பெரிய சண்டை. ஆகிலும் ஏழைகளுக்கான ஒப்பந்தத்தை அவர் முறித்துக்கொள்ளவில்லை. மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சபை சபையாய் நடந்து எருசலேமின் ஏழைகளுக்காகத் தர்மப்பணம் சேர்க்கிறார். ரோமர் பதினைந்தாம் அதிகாரத்தின் முடிவைப் பாருங்கள்: எருசலேமில் உள்ளவர்கள் இந்த உதவியை ஏற்றுக்கொள்ள வேண்டுமே என்று ஜெபிக்கும்படி ரோமாபுரி விசுவாசிகளைக் கெஞ்சுகிறார். தன்னைச் சந்தேகிக்கிறவர்களுக்குப் பணத்தைச் சுமந்துகொண்டு போகிறார். அவர்கள் அதைத் தள்ளிவிடுவார்களோ என்று அஞ்சுகிறார். உபதேசத்தில் பவுலைவிடக் கண்டிப்பானவர் நம் சபையில் யார்?

நல்ல சமாரியன் உவமையை ஞாயிறுபள்ளிக் குழந்தைகள்கூடச் சொல்வார்கள். அதில் நாம் தாண்டிப் போகிற ஒன்றைச் சொல்லுகிறேன். சமாரியரின் ஆராதனையைப் பற்றி ஆண்டவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. யோவான் நான்காம் அதிகாரத்தில் கிணற்றடியில் அந்த ஸ்திரீயின் முகத்துக்கு நேராகவே, அறியாததைத் தொழுதுகொள்கிறீர்கள் என்ற பொருள்பட அவர் சொல்லியிருக்கிறார். உபதேசம் தவறு என்று தீர்ப்புச் சொன்ன அதே வாய்தான், ஆசாரியனையும் லேவியனையும் விலக்கிவிட்டு ஒரு சமாரியனை முன்னிறுத்தி, நீயும் போய் அவ்வாறே செய் என்று வேதபாரகனுக்குக் கட்டளையிட்டது. இதற்கு என்ன செய்யப்போகிறோம்? இன்னும் ஒன்று. அந்தக் கதையில் ஒரு சத்திரக்காரன் இருக்கிறான். சமாரியன் தானே எல்லாவற்றையும் செய்யவில்லை. காயம் கட்டினான், சுமந்து வந்தான், பிறகு பராமரிக்கத் தெரிந்த ஒருவன் கையில் பணத்தை எண்ணிக் கொடுத்தான். சத்திரக்காரனின் மதம் என்னவென்று அவன் விசாரித்ததாக லூக்கா எழுதவில்லை.

உபதேசப் பேச்சை விடுமுன் ஒரு செய்தி. நாம் உயிராய்ப் பிடித்திருக்கிற உபதேசம், விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல். அதைப் பற்றியே கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. 2006இல் உலக மெதடிஸ்து பேரவையும் அதை ஏற்றது. நம்முடைய தென்னிந்தியத் திருச்சபையே 1947 செப்டம்பர் 27 அன்று, அதுவரை ஒருவருடைய குருப்பட்டத்தை மற்றவர் முழுமையாக ஒப்புக்கொள்ளத் தயங்கினவர்கள் ஒன்றுசேர்ந்ததால் பிறந்ததுதான். இரண்டு தலைமுறை போனதும் நமக்கு அது மறந்துவிட்டது.

அடுத்த எதிர்ப்பு, நம் ஆடுகளைத் திருடிக்கொள்வார்கள் என்பது. இதற்கு வாதத்தால் மறுமொழி சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு பாவ அறிக்கையைத்தான் வைக்க முடியும்.

1995ஆம் ஆண்டு. இறையியல் படித்து முடித்து, உதவிக் குருவாக இம்மாவட்டத்தின் வேறொரு மூலைக்கு அனுப்பப்பட்டிருந்தேன். அந்தச் சபையில் ஒரு விதவைத் தாய். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிப் பிழைத்தவர். ஒரே மகன், மூன்றாம் வகுப்பு. பக்கத்துக் கன்னியர் மடத்துச் சகோதரிகள் அந்த வீட்டுக்கு வந்து, பையனின் நோட்டுப் புத்தகம், சீருடை, விடுதி எல்லாவற்றையும் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் மறுநாளே என்னிடம் வந்து, "வாங்கிக்கிடலாமா ஐயா?" என்று கேட்டார். எனக்கு அப்போது கேள்வி எதுவாயினும் மறுமொழி தயாராயிருந்தது. "இன்றைக்கு நோட்டு கொடுப்பார்கள், நாளைக்கு ஜெபமாலை கொடுப்பார்கள். வேண்டாம் அம்மா. நம் சபை பார்த்துக்கொள்ளும்" என்றேன். அவர் என் சொல்லைத் தேவனுடைய வார்த்தையாக எடுத்துக்கொண்டு போய்ச் சகோதரிகளிடம் மறுத்துவிட்டார்.

நம் சபை பார்த்துக்கொள்ளவில்லை. நான் கமிட்டியில் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். அந்த ஆண்டு ஆலயத்துக்குச் சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அடுத்த கூட்டம் வருவதற்குள் பள்ளி திறந்துவிட்டது. விடியுமுன் நான்கு மணிக்குத் தெருமுனையில் வந்து நிற்கும் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் அந்தப் பையனும் தூங்கித் தூங்கி ஏறத் தொடங்கினான். 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், குழந்தைகளை வேலைக்கு வைத்த முதலாளிகள் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அவன் பெட்டி ஒட்டுவதில் தேறிவிட்டான்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அவனுடைய திருமணத்தை நடத்திவைக்கும்படி என்னையே தேடி வந்தார்கள். பதிவேட்டில் கையெழுத்திடும்போது, அவன் தன் பெயரை எழுதவில்லை. ஒவ்வோர் எழுத்தாக வரைந்தான். மணமகள் முடித்து, சாட்சிகள் முடித்து, அவன் இன்னும் கடைசி எழுத்தில் இருந்தான். "கோபிச்சுக்கிடாதீங்க ஐயா, நேரமாகுது" என்றான். அந்தத் தாயும் மகனும் இன்றுவரை நம் திருச்சபையில்தான் இருக்கிறார்கள். ஆட்டை யாரும் திருடவில்லை. நான் வேலியைக் காத்துவிட்டேன். அதன் விலையை ஓர் எட்டு வயதுப் பிள்ளை கொடுத்தான்.

ஆகையால், "மதம் மாற்றிவிடுவார்கள்" என்று என்னிடம் வருகிறவர்களைக் கேட்கிறேன்: ஒரு நோட்டுப் புத்தகத்துக்கும் ஐந்து கிலோ அரிசிக்கும் உங்கள் சபையார் போய்விடுவார்கள் என்றால், இத்தனை ஆண்டுகளாய் நாம் அவர்களுக்குக் கொடுத்தது என்ன? பயம் கத்தோலிக்கரைப் பற்றியது அன்று, நம்மைப் பற்றியது.

பணக் கணக்கு என்ன ஆகும் என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, பவுலே 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில், தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றப்படுத்தாதபடி எச்சரிக்கையாயிருந்ததைச் சொல்லுகிறார். பணம் வங்கி வழியாகவே கொடுக்கப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வாங்கி ஆராதனைக்குப் பின் வாசிக்கப்படும். நான் கேட்குமுன் அவர்களே இதைச் சொன்னார்கள். கூடவே, நம் சபையின் ஆண்டுக் கணக்கும் அலுவலக மேசையில் இருக்கிறது. சென்ற ஆண்டு அதைக் கேட்டு வாங்கி வாசித்தவர்கள் இருவர்.

"அவர்களுக்கு ரோமாபுரியிலிருந்து பணம் வருகிறது, நாம் எதற்கு?" என்பது இன்னொரு பேச்சு. வெளிநாட்டுப் பணம் ஆறாய் ஓடுகிறது என்று எண்ணுகிறவர்கள் செய்தி வாசிப்பதில்லை. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபின், பெற்ற தொகையை ஒரு தொண்டு நிறுவனம் மற்றொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கவே முடியாது. அன்னை தெரேசா தொடங்கிய சபைக்கே 2021 கிறிஸ்துமஸ் நாளன்று பதிவைப் புதுப்பிக்க மறுத்து, இரண்டு வாரம் கழித்து 2022 ஜனவரியில் திரும்பக் கொடுத்தார்கள். அது போகட்டும். பக்கத்துத் தெருவில் கை சுருங்கிக் கிடக்கிறவருக்கு ரோமாபுரி ஏன் அனுப்ப வேண்டும்? ஏழாயிரம்பண்ணைக்காரர்கள் எங்கே போனோம்?

இன்னும் சிலர் கலாத்தியர் 6:10ஐ எடுத்துக்கொண்டு வருகிறார்கள்: விசுவாசக் குடும்பத்தாருக்கு விசேஷமாக நன்மை செய்யச் சொல்லியிருக்கிறதே என்று. அந்த வசனத்தின் முற்பகுதி யாவருக்கும் என்று தொடங்குவதை விட்டுவிடுகிறார்கள். அதுவும் இருக்கட்டும். வெடி வெடிக்கும்போது அறையில் இருப்பவர்களில் ஆர்.சி. யார், சி.எஸ்.ஐ. யார், இந்து யார் என்று தீ பார்ப்பதில்லை. ஊரார் நம் இரு கூட்டத்தையும் "வேதக்காரர்" என்ற ஒரே பெயரால்தான் அழைக்கிறார்கள். வேதக்காரர் வந்தார்கள், அல்லது வேதக்காரர் வரவில்லை. அவர்களுக்குத் தெரிவது அவ்வளவே.

இங்கே ஒரு சிறு விலகல். தமிழ் படித்தவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நமக்குப் பக்கத்தில், கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில், வீரமாமுனிவர் ஊழியம் செய்தார். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு. தரங்கம்பாடி லுத்தரன் மிஷனெரிகளை, அதாவது நம் முன்னோடிகளை, மறுத்து நூல்களே எழுதியவர். நம்மை அவருக்குச் சற்றும் பிடிக்காது. ஆயினும் எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வேறுபடுத்தி எழுதும் முறையைத் தமிழுக்கு நிலைப்படுத்தியவர் அவரே என்பர். ஏழாயிரம்பண்ணை என்று நம் ஊர்ப் பெயரை எழுதத் தொடங்கினாலே, முதல் எழுத்து ஒரு கத்தோலிக்கக் குரு திருத்தித் தந்தது. நாம் அதைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை.

வாங்குவதில் நமக்குத் தயக்கமே இருந்ததில்லை. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கன்னியர் பள்ளிகளில் படித்தார்கள், எத்தனை பேர் அவர்களுடைய மருத்துவமனைகளில் பிறந்தார்கள் என்று கணக்கெடுத்தால் ஆலயம் கொள்ளாது. எலியா தீர்க்கதரிசியும் பஞ்ச காலத்தில், பாகாலை வணங்கும் சீதோன் நாட்டில், சாறிபாத் ஊர் விதவையின் கையால் அப்பம் வாங்கித் தின்றார். வாங்கலாம், ஆனால் கொடுக்கக் கூடாது என்பது எந்த வேதத்தில் இருக்கிறது?

நம்முடைய செலவுகளையும் சற்றுப் பார்ப்போம். அசனப் பண்டிகை நம் சபைகளின் அழகான மரபு. பணக்காரனும் ஏழையும் ஒரே பந்தியில் அமர்வது. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே பண்டிகைக்குப் போடும் வண்ண விளக்குக்கும் வரவேற்புப் பதாகைக்கும் ஆகும் தொகையைப் பற்றி ஒருவரும் கடிதம் எழுதிப் பையில் போடுவதில்லை. பதாகையில் என் படமும் இருந்தது. நானும் பேசாமல் இருந்தேன். நம் பாட்டிமார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போட்டார்கள். அந்தப் பிடி அரிசியில்தான் இந்தப் பக்கத்துச் சபைகள் பல எழும்பின. அவர்களுக்குக் கூரை ஒழுகியது; பானை நிரம்பியது.

வேலைக்கு வருகிறவர்களுக்கும் சில வார்த்தை. கைப்பிரதி கொண்டுவர வேண்டாம். புகைப்படம் எடுக்க வேண்டாம். வெந்த முகத்தைக் கைபேசியில் பிடித்துக் குழுவில் போடுகிறவர் அடுத்த வாரம் வர வேண்டியதில்லை. உபதேச விவாதம் போகிற வழியில் வேண்டுமானால் நடக்கட்டும், அந்த வீட்டுக்குள் வேண்டாம். முதல் மாதம் பிசியோதெரபி பயிற்சி தெரிந்தவர் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துப் பழகுங்கள். தெரியாமல் இழுத்தால் தோல் கிழியும்.

ஈகை போதும் என்று நான் நினைப்பதாகவும் எண்ணிவிடாதீர்கள். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை உட்காரவைப்பதும், உரிமம் பெற்றவர் ஒருவர், உள்ளே நடத்துகிறவர் வேறொருவர் என்று உள்குத்தகைக்கு விடுவதும், கலந்த மருந்தை இரவெல்லாம் மீதம் வைப்பதும் விதி அன்று, குற்றம். ஓசானாம்கூடப் பிற்காலத்தில் சட்டம் போதித்தபோது நியாயமான கூலியைப் பற்றிப் பேசினார். நம் சபையிலும் ஆலை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் ஆலைகள் பல மாதம் மூடிக் கிடந்தபோது உங்கள் நெருக்கடியும் எனக்குத் தெரியும். அன்று உங்களுக்காக இந்தப் பீடத்திலிருந்து ஜெபித்தேன். அந்த உரிமையோடு கேட்கிறேன்: அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுக்கிறீர்கள். மகிழ்ச்சி. உங்கள் அறைகளில் எத்தனை பேர் அமர்கிறார்கள் என்பதை எப்போது எனக்குக் காட்டப் போகிறீர்கள்? இதைப் பற்றித் தனியே எழுதுவேன்.

காணிக்கை பிடித்துவிடுவோம், தசமபாகத்தை நிறுத்திவிடுவோம் என்று இருவர் எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம். என்னை மாற்றக் கேட்டுப் பேராயத்துக்கு மனு எழுதுவதாகவும் கேள்விப்பட்டேன். எழுதுங்கள், ஆனால் பெயர் போட்டு எழுதுங்கள்.

கமிட்டி வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனைக்குப் பின் கூடுகிறது. வாக்கு உரிமை உள்ளவர்கள் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை வாசித்துவிட்டு வாருங்கள். தீர்மானம் தோற்றாலும் சனிக்கிழமை தடைபடாது. காணிக்கையைத்தான் கமிட்டி தீர்மானிக்கும், என் கால்களை அன்று. காலை ஏழு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்பேன். அந்தச் சபையார் இருவர் அங்கே வருவார்கள். முதல் வீடு வடக்கே இரண்டு கிலோமீட்டர். வேன் கிடையாது, தண்ணீரும் தொப்பியும் எடுத்து வாருங்கள். அந்த வீட்டுப் பையன் பத்தாம் வகுப்பு. அறிவியல் சொல்லித்தர ஆள் இல்லை என்கிறார்கள். நம் சபையில் அறிவியல் ஆசிரியர்கள் நால்வர் இருக்கிறீர்கள்.

காகிதம் எழுதியவரே, உங்கள் கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். அந்தப் பையனின் அக்காளுக்கு வலதுகை போய்விட்டது; இடதுகையால் எழுதப் பழக வேண்டும். நீங்களும் வாருங்கள்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் ஆயர்